வாய்க்காலில் விட்ட சாவி

சாவி தொலைந்தால் பூட்டியவனாலேயே திறக்க முடியாது என்பதுதான் எங்கள் தொழிலின் பெருமை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஸ்கேன் சென்டரில் எடுக்கும் படங்களை வேறு ஆள் பார்க்க முடியாதபடி கம்ப்யூட்டரில் பூட்டிவைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் எங்களுடையது. முதலாளி, புரோகிராம் எழுதும் ஃபாத்திமாக்கா, ஃபோன் எடுக்கும் நான், ஆக மூன்றே பேர். பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தேன், பத்தொன்பது வயது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, யார் குரலிலும் பேசுவது. "ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சுங்க" என்று ஃபோனில் ஒரு தடவையாவது கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எல்லாரும் என் பங்காளிகள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இரண்டு பக்கமும் சரி

நான் சேர்ந்த வாரம் கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் எங்கள் படம் எதுவுமே திறக்கவில்லை. பூட்டும் கட்டளைகளை நாங்களே எழுதுவதில்லை. யாரோ எழுதிவைத்த மூட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வோம். அதற்கு லைப்ரரி என்று பெயர். அது படத்தைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கிப் பூட்டும். கடைசித் துண்டு குட்டையாக இருந்தால் எதையாவது வைத்து நிரப்பும். எங்கள் லைப்ரரி நிரப்பிய விதம் ஒன்று, ஆஸ்பத்திரி லைப்ரரி எதிர்பார்த்தது வேறொன்று. சாவியும் சரி, பூட்டும் சரி, படம் மட்டும் வராது.

ஒன்பது நாள் நான் நடுவில் கிடந்தேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்காரருக்கு எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். அந்தக் குரலிலேயே அவர் சொன்னதை ஃபாத்திமாக்காவிடம் சொல்வேன், அக்கா சிரிப்பில் டீயைத் துப்பிவிடுவார். பத்தாம் நாள் அக்கா எங்கள் பக்கத்தை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். ஆஸ்பத்திரிக்காரர் நன்றி சொல்வார் என்று ஃபோன் செய்தேன்.

"பாருங்க, நான் ஒண்ணும் தொடவே இல்லை, இப்ப வருது. அப்ப தப்பு உங்க பக்கந்தானே?"

சாமி இருக்கிற ஃபைல்

அடுத்து, புது லைப்ரரிக்கு மாறினோம். எல்லா ஊரிலும் வேலை செய்தது, காங்கேயத்தில் மட்டும் இல்லை. அங்கே ஸ்கேன் சென்டர் மேனேஜர் சுப்பிரமணியண்ணன். எங்கள் தொழிலில் சாவி என்பது எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சின்ன ஃபைல். அவருடைய ஃபைலைத் திறந்து பார்த்தால் முதல் வரியில் தனியாக ஒரு 'உ'. புது நோட்டோ, புது பில் புக்கோ, பிள்ளையார் சுழி போடாமல் அவர் தொடங்குவதில்லை. சாவி ஃபைல் வந்த அன்று அதற்கும் போட்டிருக்கிறார். பழைய லைப்ரரி அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருக்கிறது. புதியது வாசலிலேயே நின்றுவிட்டது.

அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

"சாமியை எடுத்தாத்தான் தொறக்கும்னா, அது என்ன பூட்டுங்க தம்பி?"

முதலாளி குரல்

சுப்பிரமணியண்ணன் அந்த வரியில் கை வைப்பதற்குள் ஃபாத்திமாக்கா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அந்தச் சாவியின் நீளமே புது லைப்ரரிக்குப் போதாது. ஆகவே வேறு சாவி செய்து கொடுத்தார். அதுவரை பூட்டிய படங்களுக்கு மட்டும் பழைய சாவி வேண்டும். மாதக் கடைசியில் அக்கா நேரில் போய் அவற்றைத் திறந்து புதுச் சாவியால் பூட்டுவதாக ஏற்பாடு. பழைய சாவி காங்கேயத்துக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. வாடிக்கையாளர் சாவியை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. கேட்பவர்களிடம் பெருமையாகச் சொல்வோம்.

மறுநாள் சுப்பிரமணியண்ணன் கூப்பிட்டு முதலாளியைக் கேட்டார். முதலாளி டீக்குப் போயிருந்தார். நான் தொண்டையை இரண்டு முறை செருமி, முதலாளி ஆகிவிட்டேன். சுழி போட்ட பழைய ஃபைல் சும்மா கிடக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டார். "நாம என்ன பண்றம்னாக்கா, சதுர்த்தி முடிஞ்சா பிள்ளையாரை என்னங்க பண்ணுவோம், அதையே பண்ணிப்போடுங்க" என்றேன். அவர் சிரிப்பார், நானும் சிரித்து என் குரலுக்குத் திரும்பலாம் என்றிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் இன்னொரு ஃபோன் அடித்தது. அவர் சொன்னதைப் பாதி கேட்டபடி அதை எடுத்தேன், இதை மறந்தேன்.

"சரிங்க. நீங்க சொன்னா அப்பீல் ஏதுங்க."

போன வருசத்துப் படம்

மூன்று வாரம் கழித்து சரஸ்வதியம்மா என்பவருக்கு இங்கே கோவையில் ஸ்கேன் எடுத்தார்கள். காங்கேயம் எண்ணெய் மில் களத்தில் கொப்பரை பொறுக்குகிறவர். நுரையீரலில் பட்டாணி அளவு ஒரு நிழல். போன வருசம் இருமலுக்காகச் சுப்பிரமணியண்ணன் சென்டரில் அவர் ஒரு படம் எடுத்திருந்தார். அதிலும் இதே நிழல் இதே அளவில் இருந்தால் பழைய தழும்பு, விட்டுவிடலாம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை விலாவைத் திறந்து எடுத்துவிடுவது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த பிலிம் மழையில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. மிச்சம் சென்டர் கம்ப்யூட்டரில் பழைய சாவியால் பூட்டிக் கிடந்த படம்.

பழைய சாவியைப் போடச் சொல்லிக் காங்கேயத்துக்கு ஃபோன் செய்தேன். சுப்பிரமணியண்ணனுக்கு ஆச்சரியம்.

"மொதலாளி சொன்னப்பவே கம்ப்யூட்டர்ல அழிச்சுபோட்டு, பென் டிரைவைக் கொண்டுபோயி வாய்க்கால்ல உட்டுட்டுக் கும்பிட்டு வந்தனுங்களே."

நாலு வரி

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அந்தக் குரலில் ஒரு தடவை சொல்லிக் காட்டு என்றார். இரண்டு முறை செருமினேன். அவர் குரல் வரவில்லை.

அழித்த ஃபைலை உடனே தேடினால் சில சமயம் கிடைக்கும். மூன்று வாரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் நூற்றுக்கணக்கான புதுப் படங்களை அதன்மேல் எழுதித் தள்ளியிருந்தது. ஃபாத்திமாக்கா காங்கேயத்துக்கே போய் இரண்டு நாள் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். கிடைத்தது சாவியின் முதல் நாலு வரி. அது ஊருக்கே காட்டலாம் என்று விட்ட பகுதி; ரகசியம் கீழே இருந்தது, அங்கே யாருடைய இடுப்பு எலும்போ பதிந்திருந்தது. பிள்ளையார் சுழி மட்டும் சேதாரமில்லாமல் வந்தது. பூட்டை உடைத்துப் பார்க்க முடியாதா, சின்னச் சாவிதானே என்று கேட்டேன். சின்னது என்றாலும் வெள்ளிக்கிழமைக்குள் உடைகிற அளவுக்குச் சின்னதில்லை. அக்கா கம்ப்யூட்டரை மூடினார்.

"அந்த லைப்ரரியை இவ்வளவு நல்லா எழுதித் தொலைச்சிருக்க வேண்டியதில்ல தம்பி."

ஆபீஸுக்கு வந்தவர்கள்

வியாழக்கிழமை சரஸ்வதியம்மாவும் வீட்டுக்காரரும் பஸ் இறங்கி நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்தார்கள். படத்தை இங்கே கேட்டுப் பார்க்கச் சொல்லிச் சென்டரில் விலாசம் கொடுத்தார்களாம். வீட்டுக்காரர் ஒரு பையில் இளநீர் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான்தான் எழுந்தேன். படம் இருக்கிறது, ஆனால் இனி யாராலும் திறக்க முடியாது, முதலாளி மாதிரிப் பேசி விளையாட்டுக்கு அழிக்கச் சொன்னது நான் என்று சொன்னேன். வீட்டுக்காரர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தம்மா என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று, விலாவை வெட்டினால் மறுபடி கூடை தூக்க எத்தனை மாசம் ஆகும் என்று. தெரியவில்லை என்றேன். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப தொறந்துதான் பாக்கோணும். வாங்க, நேரமாச்சு, பெட்டு கெடைக்காமப் போயிரும்."

பதினோராம் நாள்

அதற்குப் பிறகு ஃபோன் அடித்தால் என் குரலிலேயே எடுத்தேன். வேறு குரலில் பேசச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஃபாத்திமாக்கா டீயை அமைதியாகக் குடித்தார். ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள் காலையில் சரஸ்வதியம்மாவே கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்தார்களாம், என்றைக்கோ வந்த காய்ச்சலின் தழும்புதானாம். களத்து வேலைக்கு வேறு ஆள் சேர்த்துக்கொண்டார்களாம், அது பரவாயில்லையாம்.

"ஒண்ணுமே இல்லியாமா கண்ணு. நீ சோறு தண்ணி எறங்காம இருப்பேன்னு எங்கூட்டுக்காரருதான் கூப்புட்டுச் சொல்லச் சொன்னாரு."

ஒரு படத்தைத் திறக்க முடியாததால் ஒரு ஆளைத் திறந்து பார்த்தார்கள், அன்றைக்கும் எங்கள் பூட்டு எந்தக் குறையும் இல்லாமல்தான் வேலை செய்துகொண்டிருந்தது.