அத்தையின் இருமல்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மணி 3.52. செம்பூர் வீட்டில் நாற்காலி மேல் ஏறி ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் வர்ஷா – என் மகள். இருபது வயது. காலேஜ் முடிந்து வரும் நேரம்.

எடுத்தால்... முதலில் ஒரு இருமல். இரண்டு சின்னதாக, ஒன்று நீளமாக. அப்புறம் ஒரு கிழக் குரல்.

“தாயி, ஒங்க பிள்ள குர்லா டேசன்ல மயங்கி விழுந்துட்டா. நம்பர அவளே போட்டுத் தந்துட்டுக் கண்ண மூடிட்டா. ஹார்பர் லைன் பிளாட்பாரம். பயப்படாதீய, என் மடியிலதான் கெடக்கா.”

கட். திரும்ப அடித்தேன் – ஸ்விட்ச்டு ஆஃப்.

பயப்படாதே என்றால் எந்தத் தாய் பயப்படாமல் இருப்பாள்? ஆனால் நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த இருமல் எனக்குத் தெரியும். அந்தக் குரலும்.

அது இசக்கியின் அம்மா. தாராவியில் எங்கள் எதிர்வீட்டு அத்தை. தினமும் எனக்குத் தலைபின்னி விட்டவள். நான் டிகிரி முடித்த வருடம் இறந்துபோனாள். நானே போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

செத்துப்போனவள் மடியில் என் மகள் கிடக்கிறாள்!

படித்தவள் இப்படியா நினைப்பது என்று கேட்பீர்கள். செம்பூரிலிருந்து குர்லா இரண்டாவது ஸ்டேஷன். அதற்குள் நான் படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. திலக் நகரில் ரயில் நின்றபோது, “அத்தை, அவள விட்டுடுங்க” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள்.

குர்லா. கூட்டத்துக்கு நடுவே ஒரு பெஞ்சு. வர்ஷாவின் தலை ஒரு மடியில். அந்த மடிக்கு மேலே – அதே ஒட்டிய கன்னம். அதே வளைந்த முதுகு. விரலாலேயே முடியைக் கோதிவிடும் அதே பழக்கம்.



“அத்தை...?”

அவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

“ஏட்டி... மீனாவா? யாருக்கு யாரு அத்த? எங்கம்ம செத்து எத்தன வருசமாச்சி! ஏளா, நான் இசக்கி.”

இசக்கி! ஐந்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இரண்டு பேருக்கும் நாற்பத்தேழு. முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்ப்போம் – எப்போதும் அவள்தான் இரண்டு விரல் கூட. அன்றைக்குக் குர்லாவில் எழுந்து நின்றபோது என் தோள் வரைதான் வந்தாள்.

வர்ஷா கண் திறந்தாள். “அம்மா... ப்ளீஸ், கத்தாத.” அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது; அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். டயட்! இசக்கி பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டே திட்டினாள்.

“வீட்டுல சோறு இருந்தும் திங்காம மயங்கி விழுறதுக்கு ஒனக்கு ஒரு காலேஜி!”

“என்ன இசக்கி, இப்படி ஆயிட்டே?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “டாக்டரு என்னையப் பாத்ததும் சீட்டுல அறுவத்தஞ்சுன்னு எழுதிட்டாரு. வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும்னாரு. நானும் திருத்தல. டிரெயின்ல எடம் குடுக்காவள்லா!”

ஒரே சந்து. ஒரே குழாய்த் தண்ணீர். எனக்குப் பத்து வயதானபோது அப்பாவுக்குக் கிளார்க் வேலை கிடைத்தது, நாங்கள் செம்பூர் வந்துவிட்டோம். அவள் அப்பா பழைய அலுமினியத்தை உருக்கும் பட்டறையிலேயே இருந்தார். பட்டறைக்கு மேலே வீடு. பதினேழில் அவளுக்குக் கல்யாணம் – அதே சந்தில். செம்பூரில் மட்டும் புகை இல்லையா? உண்டு. ஆனால் எனக்குச் சாத்திக்கொள்ள ஒரு ஜன்னல் இருக்கிறது.

எந்த ஃபாரத்தை எடுத்தாலும் பிறந்த தேதி கேட்கிறார்கள். பிறந்து எந்தக் காற்றை இழுத்தாய், எந்த வயதில் குடம் தூக்கினாய் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. உடம்பு மட்டும் அதையெல்லாம் ஒன்று விடாமல் நிரப்பிக்கொண்டே வருகிறது போல...

தாராவிக்கு ரயிலில் போனால் சில நிமிடம். இருபத்தாறு வருடமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை.

“மக வாரா. அவ வந்ததும் நான் கெளம்புதேன்” என்றாள் இசக்கி.

மறுபடி இருமல். இரண்டு சின்னது, ஒன்று நீளம். “தண்ணி குடி” என்று பாட்டிலை நீட்டினேன். இசக்கி வாயே திறக்கவில்லை.

இருமல் படிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது.

முக்காடு போட்ட ஒருத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை; இசக்கி போய் வாங்கிக்கொண்டாள். வர்ஷா தள்ளாடி எழுந்து பெஞ்சைக் காட்டினாள்.

“ஆன்ட்டி, நீங்க உக்காருங்க.”

அவள் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முக்காட்டை விலக்கி என் மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆன்ட்டியா? எனக்கு இருவது. ஒனக்கு?”