கூரை பார்க்கும் டீச்சர்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஹெப்சிபா டீச்சர் மாப்பிள்ளையையும் பார்ப்பதில்லை, பெண்ணையும் பார்ப்பதில்லை. அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார். பிறகு வாசல்களை எண்ணுகிறார். பின்பக்கக் கதவில் பூட்டுத் தொங்கினால் தீர்ந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று மேனேஜரைத் தேடிப் போய்விடுவார். "தாலி கட்டி, பந்தியும் போட்டாச்சு. இவ இன்னும் சாவிய வாங்கிட்டு வரல," என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கணவர் எட்வின் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். அவர் அரசுப் பேருந்து நடத்துநர். 'அவசர வழிக் கதவு திறக்கிறதா' என்ற மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு நாளும் அவர் காலை டூட்டிக்குப் புறப்பட்டதில்லை.

ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகிற சாலையில் உள்ள ஒரு நிதியுதவி நடுநிலைப் பள்ளியில் டீச்சர் அறிவியல் நடத்துகிறார். வயது ஐம்பத்தொன்று. கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு ஒரு விசிலும் தொங்கும். கைப்பையில், முடிவெட்டும் கடையில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்த மாதிரி பாட்டில் ஒன்று எப்போதும் நிறைந்திருக்கும். பள்ளிக்கு ஒரு பேரிடர்ப் பொறுப்பாசிரியர் வேண்டும் என்று ஒரு வருடம் சுற்றறிக்கை வந்தது. மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். ஒரு ஃபைலைத் திறந்து அலமாரியில் வைத்தால் முடிகிற வேலைதான் அது. டீச்சருக்கு அப்படி வைக்கத் தெரியவில்லை.

அவர் நடத்தும் ஒத்திகைகளுக்கு முன்னறிவிப்பு கிடையாது. கணக்குப் பரீட்சைக்கு நடுவில் மணியடிப்பார். சத்துணவில் முட்டை போடும் நேரமாகப் பார்த்து அடிப்பார். சமையலம்மா முணுமுணுத்தால், "நெருப்பு என்ன, முட்டையத் தின்னுட்டு வாங்கன்னு செத்த நேரம் காத்துக்கிட்டா நிக்கும்?" என்று கேட்பார். பையை விட்டுவிட்டு, முன்னால் நிற்கிற பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல் விரசாகக் கொடிக்கம்பத்தடிக்கு வந்து சேர வேண்டும். ஒருமுறை தலைமை ஆசிரியரிடம் ரகசியமாகச் சொல்லி, அவரை மாடிக் கழிப்பறையிலேயே இருக்க வைத்தார். கொடிக்கம்பத்தடியில் எல்லா வகுப்பும் எண்ணிக்கை சரி என்றது.

"அம்புட்டுப் பேரும் வந்தாச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"வந்தாச்சு டீச்சர்."

"அப்ப ஹெட்மாஸ்டர் சார் வெந்துட்டாவ."

பாவம் மனிதர், தேடி யாரும் வராமல் கால்மணி நேரம் கழித்து அவராகவே இறங்கி வந்தார். அன்றிலிருந்து பெரியவர்களையும் எண்ணுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி ஊர் சிரிக்கும். ஆனால் இந்த அண்ணாந்து பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை டீச்சர் யாரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

பள்ளியின் பின்பக்கம் நீளமான ஒரு கட்டிடம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் சாப்பாட்டுக் கூடமும் அதில்தான். மேலே முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தகடு. ஊர் வாயில் அது வெறும் 'ஷீட்டு'. சித்திரை வெயிலில் அதன் கீழே உட்கார்ந்தால் மண்டை காய்ந்துவிடும். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும் என்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு டீச்சர் எங்கோ படித்தார். எட்டாம் வகுப்பில் பதினோரு பையன்களைப் பொறுக்கினார். ஒரு சனிக்கிழமை அவர்கள் கம்பிப் பிரஷ்ஷால் காய்ந்த பாசியைச் சுரண்டி, கூட்டித் தள்ளி, வெள்ளையடித்து இறங்கினார்கள். தலை முதல் கால்வரை சாம்பல் பூத்து நின்றவர்களைக் கை கழுவச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஆளுக்கொரு டம்ளர் சர்பத் கொடுத்து, போட்டோ எடுத்து, அப்படியே வீட்டுக்கு அனுப்பினார். வகுப்பில் சூடு உண்மையிலேயே குறைந்தது. அறிவியல் கண்காட்சியில் கோப்பை கிடைத்தது.

நான்கு வருடம் கழித்து விருதுநகரில் ஒரு பேரிடர்ப் பயிற்சி. பேச வந்தவர் போகிற போக்கில் ஒரு படத்தைக் காட்டினார். கல்நார்த் தகடு சேதமில்லாமல் சும்மா கிடக்கிற வரை தொல்லை அதிகமில்லை. உடைத்தாலோ அறுத்தாலோ சுரண்டினாலோ கண்ணுக்குத் தெரியாத நார் தூசியோடு கிளம்பும். நெஞ்சுக்குள் போனது வெளியே வராது. நோயாகத் தலைகாட்ட இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார், டீச்சர் போகவில்லை. அன்று மதியச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. திரும்பும் பேருந்தில் பதினோரு பெயர்களையும் ஒரு தாளில் எழுதினார். அந்தக் கோப்பை இப்போதும் ஆய்வக அலமாரியில் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

அதற்குப் பிறகு வருடா வருடம், பள்ளி திறக்கிற முதல் நாள் சாயங்காலம், பதினோரு பேருக்கும் போன் போடுகிறார். ஒருவன் திருப்பூரில் இருக்கிறான், ஒருவன் துபாயில். ஜெபின் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறான். அஃப்சல் ஸ்ரீவில்லிபுத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எதற்குக் கேட்கிறார் என்பதை யாரிடமும் அவர் மறைக்கவில்லை. மூன்றே கேள்விதான். "ஏலே, இருமல் கிருமல் இருக்கா? ஏறி எறங்குனா மூச்சு வாங்குதா? சிகரெட்டு குடிக்கியா?" மூன்றாவது கேள்விக்குத்தான் சில பேர் சிக்னல் சரியில்லை என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நெஞ்சு டாக்டர் ஒருவரிடமும் போய்க் கேட்டுவிட்டார். "ஒரு நாள் வேலைதானேம்மா, ஆபத்து ரொம்பக் கொஞ்சம். நிம்மதியாத் தூங்குங்க," என்றார் அவர். டீச்சர் அதை நம்புகிறார். போனை மட்டும் நிறுத்தவில்லை.

போன ஆடியில் மலைப்பக்கமிருந்து அடித்த காற்றில் ஒரு வேப்பங்கிளை முறிந்து ஐந்தாம் வகுப்புக் கூரைமேல் விழுந்தது. ஒரு ஷீட்டு விரிசல் விட்டுப் பாதி தொங்கியது. மணி அடித்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் சட்டை நுனியைப் பிடித்தபடி ஒன்றே கால் நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் கொடிக்கம்பத்தை எட்டுவதற்குள் பாதி ஷீட்டு முதல் பெஞ்சில் விழுந்து நொறுங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த நாளை நினைத்தால் டீச்சருக்கு இன்றும் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

விளக்குமாற்றோடு ஓடி வந்தவர்களை வாசலிலேயே விசில் ஊதி மறித்தார். "ஒருத்தரும் கூட்டப்பிடாது. தூசி கிளம்பிரும்," என்றார். கைப்பையிலிருந்து அந்த முடிவெட்டும் கடைப் பாட்டில் வெளியே வந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு, துண்டு துண்டாக நனைத்து, கனத்த பையில் எடுத்து வைத்துக் கட்டினார். கைகால் கழுவிவிட்டு வந்தபோதுதான் இந்து என்கிற ஐந்தாம் வகுப்புப் பெண் ஒரு கையை மட்டும் இறுக்கி மூடியிருப்பதைக் கவனித்தார்.

"ஏட்டி, கையில என்ன?"

"சில்லு, டீச்சர்."

பாண்டி விளையாட ஷீட்டுத் துண்டு மாதிரி வராது என்பது அந்தப் பள்ளிப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கட்டத்தில் போட்டால் போட்ட இடத்தில் நிற்கும். விளிம்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கிக்கொள்வார்கள். பழைய உடைசல்கள் கட்டிடத்துக்குப் பின்னால் எத்தனையோ வருடமாகக் கிடந்தன. டீச்சர் எல்லோருடைய ஜாமெட்ரி பாக்ஸையும் திறக்கச் சொன்னார். பதினேழு சில்லு வந்தது. பதினேழும் அழகான வட்டம். எத்தனை வருடமாகக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்தப் பாண்டிக் கட்டங்களைத் தாண்டி நடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, பிள்ளைகள் முன்னாலேயே அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் ஒரு கூடை ஓட்டுச் சில்லு கொண்டுவந்து கொடுத்தார்.

பதினேழையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடி, தாளாளர் பொன்னுராஜின் மேசையில் வைத்தார். பொன்னுராஜ் நல்ல மனிதர். பழைய மாணவர்களிடம் சொல்லிப் புதுக் கூரைக்கு ஏற்பாடு செய்தார். மே மாதம் பழையதைக் கழற்றி, ஜூனில் பள்ளி திறக்கும் முன் புதியது போட வேண்டும். ஆனால் கழற்றுவதற்கு அவர் போட்ட திட்டம் ஊர் வழக்கப்படியான திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் சுத்தியலோடு வருவார்கள், உடைகிறது உடையட்டும், முழுசாக இருப்பதைப் பெற்றோர் கொண்டுபோகலாம்.

"நல்ல ஷீட்ட எதுக்கு டீச்சர் வீணாக்கணும்? ஆட்டுக் கொட்டிலுக்கு ஆவும், குளிக்கிற எடத்துக்கு ஆவும்லா?" என்றார்.

"பிள்ளைய தலைக்கு மேல இருக்கத எடுத்து, பிள்ளைய வீட்டுக்கே குடுத்து விடவா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

பொன்னுராஜ் பாட்டிலைப் பார்த்தார். சத்திரப்பட்டியில் அவருக்குப் பேண்டேஜ் துணித் தறி இருக்கிறது. அந்தத் துணியில் தைத்த ஐம்பது முகமூடிகளை மேசைமேல் எடுத்து வைத்தார். டீச்சர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மறுபக்கம் ஜன்னல் தெரிந்தது. "சமையல்காரவியளுக்குக் குடுங்க சார்," என்றார். பொன்னுராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி டீச்சர், பொறவு யாருதான் வந்து கழட்டுவா?" என்று கேட்டார். டீச்சர் அன்றே ஒப்பந்தக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

கேட்ட ஒப்பந்தக்காரர்கள் எல்லாம் நாலு மணி நேரத்தில் இடித்துத் தருகிறோம் என்றார்கள். மே பிறந்தது. ஜூனுக்குள் கூரை இறங்காவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் விரிசலுக்குக் கீழேதான் உட்கார வேண்டும். சுத்தியலில் இறக்கினால் தூசி தெருவெல்லாம் பரவும். டீச்சர் தூக்கமில்லாமல் கிடந்தார். பட்டறைக்காரன் அஃப்சல் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அவன் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். அவனை இரண்டாம் முறை அந்தக் கூரைக்கு அனுப்ப அவர் மனது ஒப்பவில்லை. கடைசியில் பேருந்து ஓட்டுகிற ஜெபின் வழியாகச் செய்தி போய், அஃப்சலே பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"வருசா வருசம் போன் போட்டு பயமுறுத்துதிய டீச்சர். பயத்துலயே அம்புட்டையும் படிச்சிட்டேன்," என்றான். போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், உடைக்கக் கூடாது. நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஷீட்டுமேல் கால் வைக்காமல் கீழே சாரம் கட்டி நிற்க வேண்டும். மூடிய உடுப்பு, வடிகட்டி வைத்த சரியான முகமூடி, கனத்த பிளாஸ்டிக் உறை. டீச்சர் கேட்கவிருந்த எல்லாவற்றையும் அவனே சொன்னான்.

"நீ ஏறவேண்டாம்லே."

"நான் ஏறலன்னா சுத்தியல்காரன் ஏறுவான். எது தேவல?"

டீச்சர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சம்மதித்தார். தண்ணீர்க் குழாயை அவர்தான் பிடிப்பார் என்பது அவருடைய நிபந்தனை.

மூன்று நாள் வேலை நடந்தது. சுற்றிலும் கயிறு கட்டி, பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தச் சொல்லியாயிற்று. ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தோடு உள்ளே வரப் பார்த்த பொன்னுராஜைக் கயிற்றுக்கு வெளியிலேயே கைகாட்டி நிறுத்தினார் டீச்சர். டீச்சரும் முகமூடி, உடுப்போடு வேர்வையில் குளித்துக்கொண்டு குழாயைப் பிடித்தார். அஃப்சலும் அவன் ஆட்கள் மூன்று பேரும் எண்பத்து நான்கு ஷீட்டுகளை ஈரத்தோடு, ஏறக்குறைய முழுசாகவே இறக்கினார்கள். ஒவ்வொன்றும் உறைக்குள் போய், அனுமதி உள்ள கழிவு வண்டி வரும்வரை பூட்டிய அறைக்குள் அடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் கடைசி ஷீட்டும் இறங்கியபோது, நான்காம் வகுப்புத் தரையில் முதன்முதலாக நேர் வெயில் விழுந்தது.

அஃப்சல் சாரத்திலிருந்து இறங்கி முகமூடியில் கை வைத்தான். டீச்சர் குழாயைத் தூக்கி மறித்தார்.

"கழட்டாதலே. மொதல்ல இங்க வா."

குழாயடியில் உடுப்போடு நிறுத்தி நனைத்தார். உடுப்பைச் சுருட்டி உறைக்குள் போட வைத்தார். கடைசியில்தான் முகமூடி. பிறகு அவனைக் குத்தவைக்கச் சொல்லி, தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். காதுக்குப் பின்னால், பிடரியில், புருவத்தில் விரல் விட்டுத் தேய்த்தார்.

"டீச்சர், நான் ரெண்டு பிள்ளைக்கு வாப்பா," என்றான் அஃப்சல். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

"குனிலே."

இரண்டாவது குடம், மூன்றாவது குடம். அஃப்சல் கேலியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொடுத்தான். "போதும் டீச்சர். தண்ணி தெளிவாத்தான் போகுது, பாருங்க," என்று மெதுவாகச் சொன்னான்.

டீச்சர் குனிந்து பார்த்தார். தெளிவாகத்தான் போனது. அடுத்த குடத்தைத் தூக்கினார்.