இருபதடி வீதி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது பிரதேச சபையில் எல்லோருக்கும் தெரியும். தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த அத்தனை வருஷமும் சனங்கள் முகத்துக்கு நேரே என்னை 'ரீ.ஓ மிஸ்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'இருபதடி' என்றார்கள். அந்தப் பட்டத்தை வைத்தது வேலைகளை மேற்பார்க்கும் எங்கள் ஓவசியர்தான் என்று வெகு காலம் கழித்துத்தான் அறிந்தேன். அறிந்த அன்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆள் அதற்குள் பென்சன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நானும் பென்சன்காரி. செங்கலடிக்குப் பஸ்ஸில் போகும்போது நாங்கள் அளந்து பிரித்த குடியேற்றத்தின் வீதி முகப்பு வந்தால் கண் தானாக அகலத்தை அளக்கிறது. யாராவது மழைத்தண்ணீர் ஓடும் கான் மேல் மதில் கட்டியிருக்கிறார்களா, சந்தி மூலையை அடைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் யாரையோ தேடுகிறேன் என்று நினைப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

சுனாமி அடித்த காலத்தில் அந்த இடம் மரமுந்திரிகை நின்ற அரச காணி. கடற்கரையில் வீடு வளவு இழந்து கூடாரங்களில் கிடந்த குடும்பங்களுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பதென்று முடிவானது. காலையில் நானும் ஓவசியரும் அளவு நாடாவும் கட்டைகளும் குடையும் எடுத்துக்கொண்டு போனால் மாலை வரை அங்கேதான். ஓவசியர் டவுனில் இருந்த பறங்கிக் குடும்பத்துக்காரர். கலியாண வீடுகளில் வயலின் வாசிக்கிறவர், நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் வாயில் ஏதாவது ஒரு மெட்டு ஓடும். "வாசிக்கிறத நிப்பாட்டிட்டு நாடாவ இழுத்துப் பிடியுங்க" என்று நான் கத்துவேன். "நாடா தளர்ந்தாலும் தாளம் தளராது மிஸ்" என்பார். முந்திரிகை மரத்தடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் அவருடைய மீன் பொரியலில் பாதி எனக்கு வரும். எத்தனை பெரிய துக்கத்துக்கு நடுவில் அந்த வேலையைச் செய்தோம்! ஆனாலும் அந்த மத்தியானங்களை நினைத்தால் மனம் இனிக்கத்தான் செய்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முதல் வரைபடத்தை எங்களுக்குத் தந்தது வீடு கட்டித் தர முன்வந்த வெளிநாட்டு நிறுவனம். அதன் இளம் பொறியியலாளர் நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. உள்வீதிகளுக்குப் பன்னிரண்டு அடி போட்டிருந்தார். இங்கே யாரிடம் கார் இருக்கிறது, வீதியைக் குறைத்தால் கூட நாலு வீடு வருமே என்று கேட்டார். கணக்கு சரிதான். எங்கள் விதிப் புத்தகமோ இத்தனை வீட்டுக்கு மேல் போகும் வீதி இருபதடி இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கான் வேண்டும், சந்தியில் வாகனம் திரும்ப மூலைகளை வெட்டி விட வேண்டும் என்றது. நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். சபைச் செயலாளர் கெஞ்சினார், பிறகு கத்தினார். நானும் கத்தினேன்.

அதற்குள் கூடாரங்களிலிருந்த ஆட்களுக்கு அவரவர் காணியைக் காட்டி முடிந்திருந்தது. கிழக்கு வரிசையின் மூலைக் காணி ஒரு பெண்ணுக்கு. வடக்கே வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணியில் பிறந்து எங்கள் கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, கையில் இரண்டு பெண்பிள்ளைகள். காணி காட்டிய அன்றே அவள் மூலையில் ஒரு பூவரசங்கம்பை நட்டு, கண்ணூறு படாதிருக்கச் சிவப்புத் துணி கட்டிவிட்டாள். நாங்கள் போகும் நாளெல்லாம் பிளேன்ரீ கொண்டு வருவாள், சீனிக்குப் பதில் ஒரு துண்டுக் கருப்பட்டி. இருபதடிக் கதை காதில் விழுந்ததும் தேத்தண்ணிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க மிஸ், எங்களுக்கு வீடுதானே வேணும். றோட்டு என்னத்துக்கு இம்மட்டு அகலம்? நாங்க றோட்டிலயா படுக்கப் போறம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "சட்டம் எண்டா சட்டம்தான். இருபதடி" என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தேவைப்படவில்லை.

நான் புத்தகத்துக்காக நின்றேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன். உண்மை வேறு. எங்கள் வீடும் கடற்கரையில்தான் இருந்தது, எட்டடி ஒழுங்கைக்குள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் முள்ளுக்கம்பி. அன்று காலை கடல் வருகிறது என்று கத்திக்கொண்டு சனம் ஓடியபோது, சின்ன வயதிலிருந்தே கால் சூம்பிய என் அக்காவை நாலு பேர் தூக்கிப் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். நான் சைக்கிளில் முன்னால் போனேன். எதிரே தன் ஆட்களைத் தேடிக்கொண்டு ஒருவன் வான் வண்டியோடு உள்ளே வந்தான். இரண்டுக்கும் இடமில்லை. பெட்டியோடு பின்னால் எடுக்கவும் முடியாது. நடக்கக்கூடியவர்கள் குதித்து ஓடினார்கள். என் சைக்கிள் அந்த வானைத் தாண்டியது. லான்ட்மாஸ்டர் தாண்டவில்லை.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலை செய்ய முடியாது, அழுதுகொண்டே இருப்பேன் என்று பயந்தேன். அதனால் விதி இலக்கத்தைச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருபதடி, இருபதடி என்றேன். மூன்று கிழமை இழுபறிக்குப் பிறகு நிறுவனம் இறங்கி வந்தது. வரைபடம் மாறியது, நாலு வீடு குறைந்தது. கிழக்கு வரிசை தள்ளிப்போனபோது பனிச்சங்கேணிக்காரியின் மூலைக் காணி பாதி வீதியாகவும் பாதி கானாகவும் போனது.

மறுநாள் அவள் சபைக் கந்தோருக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. சிவப்புத் துணியோடு அந்தக் கம்பைப் பிடுங்கி வந்து என் மேசை மேல் வைத்தாள்.

"வைச்சிருங்க மிஸ். உங்கட றோட்டுக்கு எல்லை போட உதவும்."

அவளுக்குப் பிறந்த ஊர்ப்பக்கம் வேறொரு திட்டத்தில் வீடு கிடைக்குமென்று பட்டியலில் சேர்த்தார்கள். பிள்ளைகளோடு பனிச்சங்கேணிக்குப் போய்விட்டாள். கம்பை அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். எறிய மனம் வரவில்லை. இங்கே வீடுகள் எழும்பின, வீதிக்குக் கிறவல் மண் போட்டு உருட்டினார்கள். முதல் மழையில் தண்ணீர் ஒரு வளவுக்குள்ளும் போகாமல் கானால் வாவிக்குப் போனதைக் குடை பிடித்து நின்று பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு வடக்கே வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. சனம் காட்டுக்குள்ளாலும் களப்புக் கரையாலும் நடந்து இங்கே வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன, கோயில் மண்டபங்கள் நிறைந்தன. குடியேற்றத்து ஆட்கள் தங்கள் சொந்தக்காரரைக் கூட்டி வந்தார்கள். வளவுக்குள் இடம் முடிந்ததும் தறப்பாள் கூடாரங்கள் வீதிக்கு இறங்கின. ஓவசியர் ஒரு நாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், உங்கட இருபதடியில இப்ப ஒரு ஊரே குடியிரிக்கி."

போய்ப் பார்த்தேன். கிழக்கு மூலையில், ஒரு சாண் பிசகாமல் பூவரசங்கம்பு நின்ற அதே இடத்தில், ஒரு நீலத் தறப்பாள். அதன் முன்னால் குந்தியிருந்து கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள் பனிச்சங்கேணிக்காரி. நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மிஸ். அளக்கவா வந்தீங்க?"



இரண்டு மாதம் கழித்து வீதிக்குத் தார் போடப் பணம் வந்தது. கூடவே ஒரு கடிதமும். வீதியில் தடை ஏதும் இல்லை என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், தடை இருந்தால் எழுதித் தர வேண்டும். தடை என்று நான் எழுதினால் மறுநாள் பஸ் வரும், வீதியில் இருப்பவர்களை ஏற்றி ஊருக்கு அனுப்புவார்கள். ஊரில் மிதிவெடி எடுத்து முடியவில்லை. தறப்பாள்களை வைத்துக்கொண்டு தடை இல்லை என்றும் எழுத முடியாது. ஒன்றும் எழுதாவிட்டால் தார் வராது, குடியேற்றத்து ஆட்கள் புழுதியில் கிடப்பார்கள். இரண்டும் என் பேனா முனையில் தொங்கின.

செய்தி எனக்கு முன்னால் அங்கே போய்விட்டது. நான் போனபோது அவள் சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நான் சண்டை பிடிக்கல்ல. மூணு தரம் இடம் விட்டு எழும்பிட்டன். கடல் எழுப்பினது. நீங்க எழுப்பினீங்க. மறுகா ஷெல் எழுப்பினது. நாலாந்தரமும் எழும்பச் சொன்னா எனக்கு ஏலா."

கடலுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டாளே என்று நெஞ்சு வெந்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. அக்கா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். அவள் என்னை விடக் கோபக்காரி.

விடிந்ததும் ஓவசியரைக் கூட்டிக்கொண்டு போனேன். தறப்பாள்களையெல்லாம் கிழக்குப் பக்கமாக ஒதுக்கச் சொன்னேன். கான் ஓரத்திலிருந்து எட்டடி அளந்து நீளத்துக்கும் கயிறு கட்டினோம். "கயித்துக்கு இங்கால ஒரு அடுப்புக் கல்லும் வரப்படாது, சொல்லிப்போட்டன்" என்று கத்தினேன். மிச்சம் பன்னிரண்டு அடி. தண்ணீர் பவுசரை வரவழைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட விட்டேன். போனது. ஆனால் எதிரே இன்னொன்று வந்தால்? பத்துத் தறப்பாளுக்கு ஒரு இடைவெளி விட வைத்தேன், வாகனம் ஒதுங்கி நிற்க. முதல் இடைவெளியே அவளுடைய கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவள் பானை சட்டிகளைத் தள்ளி வைத்தாள்.

அறிக்கையில் எழுதினேன்: வீதி பாவனைக்கு உகந்தது, தற்போதைய அகலம் ஒதுங்குமிடங்களுடன் பன்னிரண்டு அடி, இப்போது அந்த அகலத்துக்குத் தார் இடலாம். செயலாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். "பன்னிரண்டா? நீங்களா மிஸ்?" என்றார். "ஓம், நான்தான்" என்றேன். வெளியே வந்தபோது ஓவசியர் மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்கே இந்தப் பன்னிரண்டுக்கு வைச்சிருந்தா அந்தப் பனிச்சங்கேணிப் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைச்சிருக்கும், என்ன மிஸ்?"

"நீங்க சும்மா வாங்க" என்று சீறினேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த ஒரு வருஷம் போல் அந்த வீதி பிறகு ஒரு நாளும் இருக்கவில்லை. பின்னேரத்தில் போனால் மீன் பொரிக்கிற வாசம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூடவே வரும். புதுத் தாரில் பிள்ளைகள் சோக்கட்டியால் கோடு போட்டுப் பாண்டி விளையாடுவார்கள். ஓவசியர் நத்தார்ப் பண்டிகைக்கு வயலினைக் கொண்டுவந்து ஒதுங்குமிடத்தில் நின்று வாசித்தார், கிழவிகள் கூட எழும்பி ஆடினார்கள். எனக்கு வேலை இல்லாவிட்டாலும் போவேன். பனிச்சங்கேணிக்காரி அதிகம் பேசமாட்டாள். ஆனால் பிளேன்ரீ வரும், கருப்பட்டித் துண்டும் வரும். ஒரு நாளாவது அக்காவைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுப்பேன், தேத்தண்ணியோடு விழுங்கிவிடுவேன்.

மிதிவெடி எடுத்து முடிந்தது என்று அறிவித்தார்கள். ஊருக்குப் போக பஸ்கள் வந்தன. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்திருந்தது, வடக்கில்தான் இன்னும் முடியவில்லை. அன்று காலை நாங்களும் போனோம். தறப்பாள்கள் மடிந்து கிடந்தன. அவள் தன் இடத்தைக் கூட்டி, கூடாரக் கம்பு நட்ட குழிகளுக்கு மண் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈர்க்கு விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள்.

"டேப் கொண்டந்தீங்களா மிஸ்? இந்தா உங்கட எட்டடி. அளந்து எடுங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற குரல்தான் அது. ஓவசியர் பழக்க தோஷத்தில் நாடாவின் நுனியை நீட்டினார். எனக்கு வாங்க முடியவில்லை. நடு வீதியில் நின்று அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டடி ஒழுங்கை, அக்காவின் சூம்பிய கால், லான்ட்மாஸ்டர், வான், வானைத் தாண்டிய என் சைக்கிள். அவள் சின்னவளின் கையைப் பிடித்தபடி அசையாமல் கேட்டாள்.

"இத அண்டைக்கே சொல்லியிருந்தா அந்தக் கம்ப நானே பிடுங்கி உங்கட எல்லையில நட்டிருப்பனே மிஸ்" என்றாள். "நீங்க புத்தகத்தையெல்லுவா காட்டினீங்க."

பஸ் ஹோர்ன் அடித்தது. சாரதி சத்தம் போட்டார். அவள் என் கன்னத்தை ஒரு தரம் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, பிள்ளைகளை முன்னால் ஏற்றித் தானும் ஏறினாள். வீதி முழுக்க வெறுமையாகக் கிடந்தது, கானிலிருந்து கான் வரை இருபதடி. அவளுடைய பஸ் புறப்பட்டு மூலைக்குப் போகும்போது எதிரே அடுத்த பஸ் உள்ளே வந்தது. இரண்டும் நிற்காமல் ஒன்றையொன்று தாண்டிப் போயின.