கீழ்ப்பிடி

"காது குத்த வேறு ஆளைப் பார்" என்று சொல்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். எங்கள் தெரு மரப்பட்டறைக்காரரின் மருமகனுக்கு நடந்தது.

அப்போது மின்சார ரம்பம் வரவில்லை. பெரிய மரத்தை அறுக்க வேண்டுமென்றால் ஒரு குழி வெட்டி, அதன்மேல் மரத்தைக் குறுக்கே கிடத்துவார்கள். மரத்தின்மேல் ஒருவன் நிற்பான், குழிக்குள் ஒருவன். நடுவில் ஆள் உயர ரம்பம். மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. மேலாள் மேலே இழுப்பான், கீழாள் கீழே இழுப்பான். கீழே நிற்பவன் தலையில் மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் முகத்தில் துணியைக் கட்டி, கண்ணையும் மூடிக்கொண்டு, கைப்பழக்கத்திலேயே இழுப்பான்.

மருமகனின் மாமனார்தான் மேலாள். ஆயுசு முழுக்க அவருக்குக் கீழே நின்றவர் ஒரே ஒருவர். குழிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். மாமனார் படுத்த படுக்கையானதும் எல்லோரையும் கூப்பிட்டு, தன் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தார். கட்டில் மகளுக்கு. கம்பளிக் கோட்டு தம்பிக்கு. உளியும் இழைப்புளியும் அண்ணன் மகனுக்கு. ரம்பம் மருமகனுக்கு.

"கீழ்ப்பிடி மட்டும் குழிக்காரனுக்கு," என்றார். "அது யார் கையில இருக்கோ அவனுக்குத்தான் குழியில வேலை. மறக்காம கொடுத்துடுங்க மாப்பிள்ளை."

"சரிங்க மாமா."

தலையை ஆட்டினான். கொடுக்கவில்லை. குழிக்காரக் கிழவருக்கு ரம்பம் இழுப்பது மெதுவாகிவிட்டது, இளவட்டமாக ஒருத்தனை இறக்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டான். அவன் மனைவிக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது.

"அந்தப் பிடி இல்லேன்னா அவரை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? அவங்க வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

"பார்க்கலாம், பார்க்கலாம்."

மாமனார் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். கூலிக்கு ஒரு இளைஞனைப் பிடித்தான். வேலைக்கு முந்தின நாள் சாயங்காலமே ரம்பத்தில் கீழ்ப்பிடியை மாட்டி, ஆப்பு வைத்து, தன் கையால் அடித்து இறுக்கினான். காலையில் கூலிக்காரன் துணியைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, பிடியில தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா? ஈரமா இருக்கு."

"பனியா இருக்கும். இழு."

மத்தியானம் கூலிக்காரன் சாப்பிட வீட்டுக்குப் போனான். மருமகன் மரத்தின்மேலேயே நின்றான். ரம்பம் வெட்டில் இறுகிக் கிடந்தது. தளர்த்தி வைக்கலாம் என்று மேலே இழுத்தான்.

கர்ர்ர்…

பிடியை விடப் போனான். ரம்பம் கீழே போனது.

கர்ர்ர்…

"அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?"

வாயில் துணி கட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். இழுத்தான். கீழேயும் இழுப்பு. காலையில் இருந்ததைவிட நல்ல இழுப்பு. மரத்தில் போட்ட கோட்டை விட்டு மயிரிழைகூட விலகவில்லை. அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. மரத்தூள் கொட்டும் குழியில் நிற்பவன் இருமாமல் இருக்க மாட்டான். இருமலே இல்லை.

மேல்பிடியை இரண்டு தட்டு தட்டினான். நிறுத்து என்று அர்த்தம்.

நிற்கவில்லை.

வெட்டு அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தான். குதிகால் மரத்தின் விளிம்பைத் தொட்டது…

"நிறுத்துடா."

கர்ர்ர்…

வாசலில் செருப்புச் சத்தம். திரும்பினான். கூலிக்காரன் பல்லைக் குத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"யாருண்ணே கீழ?"

மருமகன் கையை விட்டான். ரம்பம் தடாலென்று விழவில்லை. மெதுவாக இறங்கி… நின்றது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஆள் இல்லை. புதிதாகக் கொட்டிய மரத்தூளில் ஒரு காலடிகூட இல்லை.

ரம்பத்தின் அடியில் பிடியும் இல்லை. வெறும் தகடு.

குழிக்காரர் வீட்டுக்கு இருவரும் ஓடினார்கள். கிழவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கீழ்ப்பிடி. எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கொடுத்தனுப்பிட்டீங்களே மாப்பிள்ளை, மனசு குளுந்து போச்சு. நாளைக்கே இறங்கிடறேன்."

மருமகன் அந்தப் பிடியையே பார்த்தான். "யாரு… கொண்டுவந்தா?"

கிழவர் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் உள்ளேயிருந்து சொன்னாள்.

"யாரோ ஒரு பெரியவர். தலையெல்லாம் மரத்தூள். உள்ள வாங்கன்னேன். குழியில வேலை இருக்குன்னு போயிட்டாரு."

"எப்போ?"

"விடியறப்பவே."

விடியும்போது அவர்கள் வேலையை ஆரம்பிக்கவே இல்லை.

மருமகன் மெல்லத் திரும்பினான்.

"அப்போ… காலையில இருந்து நீ எதைப் பிடிச்சு இழுத்த?"

கூலிக்காரன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். சட்டையில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"கண்ணை மூடிட்டு இருந்தேன்ணே… சில்லுனு இருந்துச்சு."

துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் பிடிச்சப்ப… அதுவும் என் கையைப் பிடிச்சுச்சுண்ணே."