பனைமரத்தடியில் இரண்டு பேர்

மின்னலைப் படம் பிடிக்கும் பைத்தியம் எனக்கும் என் நண்பனுக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. அவன் பெரிய காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தான். நான் பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவன். மேகம் திரண்டால் கடையில் ஏதாவது பொய் சொல்லிவிட்டு, அவனோடு ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரைக்குச் சைக்கிள் மிதிப்பேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டுக் காத்திருப்போம். மின்னல் சிக்கியதா என்பது ஃபிலிமைக் கழுவும்வரை தெரியாது. அந்தத் தவிப்புக்காகவே இன்னொரு மழை வராதா என்றிருக்கும்.

ஓர் ஐப்பசி மாலை, இருட்டிக்கொண்டு வந்த நேரம். கேமராவை ஆற்றைப் பார்த்து நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்திருந்தோம். நாங்கள் ஒதுங்கியிருந்த பனைமரத்தில் இடி விழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் அங்கிருந்து ஓடியிருந்தோம்; ஓடும்போதே காற்றில் முக்காலி சாய்ந்து லென்ஸ் மணலில் புதைந்தது. அவன் பயத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டான், நான்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன். இதை முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். அவன் மகள் கல்யாணத்தில் மைக் பிடித்தே சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு கேட்டான்.

நனைந்துபோன அந்த ரோலைக் கெட்டுவிட்டதென்று கழுவாமலே டப்பாவில் போட்டுவிட்டேன். போன மாதம் வீடு மாறும்போது அது அகப்பட்டது. சென்னையில் பழைய ஃபிலிம் கழுவுகிற ஒருவருக்கு அனுப்பினேன். படங்களை செல்போனில் அனுப்பிவைத்தார். பெரும்பாலும் புகைமூட்டம். கடைசிப் படத்தில் மட்டும் ஆற்றுக்கு மேல் கிளை கிளையாக மின்னல். ஓரத்தில் பனைமரம். அதைக் கட்டிக்கொண்டு ஒருவன் குந்தியிருக்கிறான். இன்னொருவன் இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான்.

குந்தியிருப்பவன் போட்டிருப்பது என் கோடு போட்ட சட்டை.

பெரிதாக்கிப் பார்த்தேன். என் முகம்தான். வாய் திறந்திருந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டி மீது உட்கார்ந்துவிட்டேன். பொய் சொன்னதாக ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவன் கையின் நடுக்கம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவன் வீட்டுக்குப் போய்ப் படத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான்.

"நல்லா வந்துக்குதே பா மின்னலு."

"என்னாத்துக்கு இவ்ளோ நாளா சொல்லல?"

"மொதல்ல தமாசுக்கு மாத்திச் சொல்றியோன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா நீ நெசமாவே நம்பிக்கினு இருக்கற. சரி, போவட்டும்னு உட்டுட்டேன்."

அவன் காபி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் வீட்டுக்குப் போனேன். அவள் கல்யாணத்தில் நான் சொன்னது தப்பு, நடந்தது இதுதான் என்று சொல்லி முடித்தேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"தெரியும் சித்தப்பா. உங்க கிட்ட கேக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."