சடச்சி வில் போன வழியும் நாங்கள் நின்ற வழியும்

போன பங்குனி மாதம் நானும் என் மனைவி பாக்கியமும் ஒரு வில்லை எடுத்துக்கொண்டு, எங்கள் ஊரான கொல்லயிலை விட்டுப் புறப்பட்டு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக ஒரு கோயில் வரை போய்வந்தோம். கோயில் வரை என்று எழுதியது தவறு. கோயிலுக்கு முந்நூறு அடி இந்தப் பக்கம் வரை. அந்த முந்நூறு அடியை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் எழுதுகிற வேகத்துக்குக் கோபம்தான் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

எழுத்து படித்தது அந்தப் பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த என் மருமகள் சாயங்காலம் விளக்கேற்றி வைத்துக்கொண்டு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தாள். தலை முழுக்க நரைத்த மாமனாருக்குக் காதைத் திருகிப் பாடம் சொல்ல முடியாதே என்று அவளுக்குக் குறை. இப்போது ஒரு வரி எழுதி முடித்ததும் அதை ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். இழைத்த மரத்தைத் தடவுவது போலத்தான் இருக்கிறது. மை காய்வதற்குள் தடவி மூன்று தாளைக் கெடுத்தும் இருக்கிறேன்.

போன காரணம் இது. அந்தக் கோயில் உற்சவத்தில் ஒருநாள் சுவாமி வேட்டைக்குப் போவதாகச் சடங்கு. கட்டித் தொங்கவிட்ட இளநீர்தான் மிருகம். கோயில் காரியங்களைப் பார்க்கும் ஸ்ரீகாரியம் வில்லெடுத்து எய்ய வேண்டும். முந்தின வருஷம் ஒரு கான்ட்ராக்டர் தேக்குப் பலகையை ரம்பவாளால் அறுத்து, மெழுகு தேய்த்துப் பளபளவென்று ஒரு வில் கொடுத்தான். ஊர்கூடி நிற்க அது நடுவில் ஒடிந்தது. பிறகுதான் என் ஞாபகம் வந்து ஆள் அனுப்பினார்கள். சுமை தூக்கும் காவுதடியும் பல்லக்குத் தண்டும் செய்கிறவன் நான். பன்றி விரட்ட வில்லும் செய்வேன். அந்தப் பக்கத்துக் காரியக்காரர்கள் வாங்கித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. வந்த ஆள் சொன்ன கடைசி வார்த்தை: "இதுவும் ஒடிஞ்சா, உனக்க கையால ஒரு தடி இனி அங்கோட்டு வராது, பாத்துக்கோ."

ஆகவே இந்தப் பயணம் இரண்டு பாதி. நடுவில் மூன்றரை மாதம் அடுக்களைப் புகை.

முதல் பாதி கிழக்கே. கார்த்திகைத் தேய்பிறையில் வெள்ளறடைக்குப் போனோம். பாறசாலையிலிருந்து சுமார் பத்து மைல். சந்தை நாளில் வண்டி கிடைக்கும், ஆளுக்கு நான்கு சக்கரம் காசு. மற்ற நாளில் கால்தான். பாக்கியத்தின் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அவள் புருஷன் நிலத்தில் சடச்சி மரம் உண்டு. வில்லுக்கு அந்த மரத்தை விட்டால் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். தேக்கு பெட்டிக்கு ஆகும், கதவுக்கு ஆகும். வளைத்தால் சொல்லாமல் ஒடியும். சடச்சி வளையும், விட்டால் திரும்பி வரும்.

மரம் தேடிப் போகிறவர்கள் கவனிக்க. அந்தத் தங்கை புருஷன் எங்களைத் தோட்டுக்கரைக்கு, ஓடை ஓரத்துக்குத்தான் முதலில் கூட்டிப்போனான்.

"அண்ணே, இதப் பாரும். யான மாதிரி நிக்கியது. இதவிட நல்ல தடி இந்தப் பக்கத்துல இல்ல."

"நல்ல தடிதான், மக்கா. அவிச்ச கிழங்கு மாதிரி இருக்கும். பாறைக்கு மேல என்ன நிக்குது?"

"அது மெலிஞ்ச சவமாக்கும்."

எனக்கு வேண்டியது அந்த மெலிஞ்ச சவம்தான். தண்ணீர் பார்க்காமல் மெதுவாக வளர்ந்த மரம்தான் கெட்டி. பட்டையில் ஓடும் கோடுகளைப் பாருங்கள். அடியிலிருந்து மேல்வரை நேராக ஓடினால் உள்ளே நாரும் நேர். கயிறு போலச் சுற்றி ஏறினால் தொடவேண்டாம். தொடைப் பருமன் போதும், ஆள் உயரமும் ஒரு சாணும் நீளத்துக்குக் கணு இல்லாமல் வேண்டும். வெட்டிய தடியை வாளால் அறுக்கக் கூடாது. ஆப்பு அடித்துப் பிளக்க வேண்டும். வாள் தன் இஷ்டத்துக்குப் போகும். ஆப்பு மரத்தின் இஷ்டத்துக்குப் போகும். எங்களுக்கு ஆறு பிளவு கிடைத்தது, அதில் உருப்படி இரண்டு.

திரும்பும் வழியில் காட்டுக் காவல்காரர் ஒருவர் நிறுத்தினார். ஈட்டி மரமா என்று கேட்டார். ஈட்டி ராஜா மரம், வெட்டினால் ஜெயில். ஐயா, ஈட்டி கறுப்பு, இது வெள்ளை, பட்டப்பகல். அதற்கும் இரண்டு சக்கரம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். நிறம் தெரியாததற்கு நாம் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பிளவை அடுப்புக்கு மேலே பரணில் போட்டேன். "சமைக்கியது எனக்கா, ஒம்ம தடிக்கா?" என்று பாக்கியம் தினம் கேட்டாள். தடி நன்றாகவே வெந்தது. பிறகு செதுக்கினேன். பட்டைப் பக்கத்தில் பட்டையை உரித்ததோடு சரி, கத்தி படக்கூடாது. அது எய்கிறவனுக்கு அப்புறம், இளநீரைப் பார்த்து இருக்க வேண்டிய பக்கம். இழுபடுகிற நாரெல்லாம் அதில்தான் இருக்கிறது. சீவுவதெல்லாம் உள்பக்கம் மட்டும். காய்ந்தபோது தடி தானாகப் பட்டைப் பக்கமாகச் சற்று வளைந்துகொண்டது. அது நல்லது. அந்த வளைவுக்கு எதிராக மடக்கி நாண் ஏற்றினால்தான் வில்லுக்கு வீறு வரும். அது போகிற பக்கமே மடக்கினால் குழைந்து கிடக்கும், பலமாக இழுத்தால் ஒடியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். நாண் மருள் செடியின் நாரில் முறுக்கினேன். வில்லின் இரண்டு பாதியும் ஒரேபோல வளைகிறதா என்று பார்க்க அதைப் பலாமரத்தில் தொங்கவிட்டு, தூரத்தில் போய் நின்று பார்த்து, ஒரு சீவு சீவி, மறுபடி தொங்கவிட்டு, இப்படியே எட்டு நாள்.

இரண்டாம் பாதி மேற்கே. உற்சவ வேட்டைக்கு முந்தின நாள் விடியற்காலை வீட்டிலிருந்து பாறசாலைக்கு நடந்தோம். அங்கிருந்து நெய்யாற்றின்கரை ஆறு மைல் சொச்சம். மோட்டார் ஓடுகிறது, ஆனால் ஐந்தடி வில்லை உள்ளே வைக்க விடமாட்டார்கள். வண்டிக்காரன் யேசுவடியான் ஆளுக்கு மூன்று சக்கரம் கேட்டான், வில்லுக்கு ஒன்று.

"எலே, வில்லு என் மடியிலதானே இருக்கு?"

"மடியில பிள்ள இருந்தா சும்மா விடுவேன், பாட்டா. இது மாட்டுக்க கண்ணைக் குத்துத சாமான்."

கொடுத்தேன். நெய்யாற்றின்கரையில் பசி. காப்பிக் கடையில் எங்களுக்கு உள்ளே இடமில்லை. வெளியே ஓரமாக நின்று தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்காவது பழகியிருக்கிறோம். ஆனால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து பித்தளை டம்ளரில் குடிக்கிறவனுக்கும் அதே காசு! பெஞ்சுக்கும் டம்ளருக்கும் நானும் சேர்ந்து கொடுக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தே கஞ்சி கொண்டுபோவது நல்லது.

அங்கிருந்து இரண்டு மைல் நடந்தால் வழி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கோயிலுக்கு. அந்தத் திருப்பத்தில் ஒரு கம்பத்தில் பலகை. மேலே மலையாளம், கீழே தமிழ். தமிழைக் கண்டதும் எனக்கு ஒரே குஷி. வழியில் நின்று நானாகப் படிக்கிற முதல் பலகை. வில்லைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, விரலை நீட்டி, சத்தமாக, எழுத்து எழுத்தாக.

"இ... த... ற்... கு. இதற்கு! அ... ப்... பா... ல். அப்பால்!"

"அப்பிடிப் போடும்!" என்றாள் பாக்கியம்.

"தீ... ண்... ட... ல்..."

அதற்கு மேல் சத்தம் தானாகக் குறைந்தது. ஆனாலும் முடித்தேன், ஒரு எழுத்து விடவில்லை. இதற்கு அப்பால் தீண்டல் சாதிக்காரர்கள் வரக்கூடாது என்று எழுதியிருந்தது.

பாக்கியம் வில்லை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "இதுக்காக்கும் மூணு மாசம் வெளக்குக்கு எண்ண ஊத்துனது?"

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரிந்த எழுத்துக்குள் எழுதுகிறேன். என் மருமகள் மாதிரி ஒன்றிரண்டு பேரை விட்டால் எங்கள் ஆட்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. அங்கே வரக்கூடாது என்று எங்களுக்கு எப்போதும் கூச்சல் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிறகு யாருக்காக இதைத் தமிழில் எழுதி நட்டார்கள்? இத்தனை வருஷம் சும்மா நின்ற பலகைக்கு நான் போய் வேலை கொடுத்திருக்கிறேன். என் தடி போகலாம், என் நாண் போகலாம், நான் இழைத்த பல்லக்குத் தண்டு சுவாமியையே தாங்கிக்கொண்டு போகலாம். தடியை இழைத்த கை மட்டும் அங்கே நிற்க வேண்டும்.

கூவினோம். ஒரு ஆள் வந்தான். வில்லையும் கூடக் கொண்டுவந்த அம்புகளையும் தரையில் வைத்துவிட்டு நாங்கள் பின்னால் போனோம். அவன் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போனான். வேட்டைக்களம் எங்கள் கண்ணுக்கு நேரே, முந்நூறு அடியில். ஒத்திகை பார்க்க ஸ்ரீகாரியம் வந்தார். நாண் ஏற்றினார்கள். தடி போகிற பக்கமே மடக்கி ஏற்றிவிட்டார்கள்! எனக்கும் முன்னால் பாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. மூன்றரை மாதம் அவள் தலைக்கு மேலே கிடந்த தடி அல்லவா.

அவர் இழுத்தார். அம்பு பத்தடி போய் விழுந்தது. அவர் இன்னொரு அம்பை எடுத்தார். இந்தமுறை பலமாக இழுக்கப் போகிறார் என்று தோள் அசைவிலேயே தெரிந்தது.

"இழுக்காண்டாம்!" பாக்கியத்தின் குரல்தான். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆட்டைக் கூப்பிடுகிற குரல். களத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

ஸ்ரீகாரியம் பாதி வழி வந்து நின்றார். "எந்தாடா இது? வில்லா, கயிறா?"

"ஏமானே, வில்லு திரும்பிக் கிடக்கு. பட்டப் பக்கம் முன்னால வரணும். நான் வந்து ஏத்தித் தாறேன்."

"அங்கேயே நில்லு! அங்கே நின்னு சொல்லு."

"சொன்னா வளையாது, ஏமானே. கை வேணும்."

"நீ தொட்டா பின்னயும் சுத்தம் பண்ணணும்."

"ஒடிஞ்சா நாளைக்கு எதைச் சுத்தம் பண்ணுவேரு?" என்றாள் பாக்கியம். நான் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்தவில்லை.

அவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். போன வருஷத்து ஒடிசல் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். வில் திரும்பி வந்தது. அவர்கள் வைத்துவிட்டு விலக, நான் போய் எடுத்தேன். தடவிப் பார்த்தேன், விரிசல் இல்லை. நாணை இறக்கி, முழங்காலில் வைத்து எதிராக மடக்கி ஏற்றினேன். சுண்டினால் நாண் பாடியது. வைக்கப் போகும்போது ஒரு யோசனை. நாளைக்கும் இவர்கள் இறக்கி ஏற்றுவார்களே, நான் இருக்க மாட்டேனே? இடுப்புக் கத்தியை எடுத்து, வளையாத கைப்பிடியில், பட்டைப் பக்கத்தில், 'முன்' என்று வெட்டினேன். இரண்டே எழுத்து, நேரமானது. அங்கே எல்லோரும் காத்து நின்றார்கள். நிற்கட்டும்.

வில்லைத் தரையில் வைத்து, வெட்டு இருக்கிற பக்கம் முன்னால் என்று கூவிச் சொல்லிவிட்டு விலகினேன். அவர்கள் மறுபடி தண்ணீர் தெளித்தார்கள். நன்றாகத் தெளிக்கட்டும், வெட்டிய எழுத்து கரையாது. என் எழுத்து அந்தப் பலகையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபத்தின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

அம்பு இளநீரைத் துளைத்தது. தண்ணீர் ஒழுகுவது இங்கிருந்தே தெரிந்தது.

ஸ்ரீகாரியம் சந்தோஷமாகத் திரும்பி வந்தார், தூரம் விட்டு நின்றார். கூலியைத் தரையில் வைக்கச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "நீ தடி அறிஞ்சவன். ஈ பலகைக் கம்பம் சரிஞ்சு போச்சு பாரு. புதுசு நடணும். எந்த மரம் நிக்கும்?" என்று கேட்டார். என்னிடம்! யாரைத் தடுக்க அது நிற்கிறதோ, அவனிடமே அது நீடித்து நிற்க மரம் கேட்டார். அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கம்பத்தைப் பார்த்தேன். பலா, நல்ல வைரம். மண்ணை இறுக்கினால் இன்னும் பதினைந்து வருஷம் நிற்கும்.

"இலவு, ஏமானே," என்றேன். "பலகையும் இலவு, கம்பமும் இலவு. வெள்ளையா இருக்கும். எழுத்து நல்லாத் தெரியும்."

பாக்கியம் சட்டென்று இருமினாள். வளைவு திரும்பும்வரை இருமிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் வேட்டை ஒழுங்காக நடந்ததாகவும், பல்லக்குக்குப் புதுத் தண்டு வேண்டும் என்றும் வைகாசிக்கு முன்னால் ஆள் வந்தது. வந்தவன் வேறொன்றும் சொன்னான். பழைய கம்பத்தைப் பிடுங்கியாயிற்றாம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது: நெய்யாற்றின்கரை தாண்டி வழி பிரியும் இடத்தில், எங்களைப் போன்றவர்கள் இடது பக்கம் வயல் வரம்பில் இறங்குங்கள். கோயிலைச் சுற்றி மறுபடி வழியில் ஏற ஒரு மைல், நிழல் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். வில்லுக்குச் சடச்சி, நாணுக்கு மருள். அறுக்காதீர்கள், பிளங்கள். இந்தக் கைக்குத் தொழில் தெரிந்த நாளிலிருந்து நான் ஒருவருக்கும் தப்பான மரம் சொன்னதில்லை, அந்த ஒருதடவை தவிர. இலவு தீப்பெட்டிக்கும் தலையணைப் பஞ்சுக்கும் ஆகும். மண்ணில் நட்டால் ஒரு வருஷத்து இடவப்பாதிப் பருவமழை தாங்கும், இரண்டாவதில் கரையான் முடித்துவிடும். ஸ்ரீகாரியம் தமிழ் வாசிக்கமாட்டார், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

இரண்டாவது மழை கழிந்து அந்தப் பக்கம் போகிறவர்கள், கம்பம் நிற்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வந்தால் நானே படித்துக்கொள்வேன்.