காய்ச்சல்காரர் சாப்பாடு

கல்யாணமாகி வந்த மறுநாள் காலை என் மனைவி கேட்டாள்: "யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

மேசைமேல் நீள ரொட்டி இரண்டு கிடந்தன. ரொட்டி விற்கிற சைக்கிள்காரர் அப்போதுதான் போட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டில் தினமும் இரண்டு. காலையில் அப்பாவுக்கு ஐந்து துண்டு, எனக்கு மூன்று, மிச்சம் சாயங்காலத்துக்கு. பிரெஞ்சுக்காரர்கள் போய் நான்கு வருடமாகியிருந்தது. அவர்கள் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு, ரொட்டியைக் காபியில் தோய்க்காமல் பொழுது விடியாது.

அவள் முதலியார்பேட்டைக்காரி. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் அங்கே ரொட்டி வாங்கினால் யாரோ காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தெருவே வந்து விசாரிக்கும். அவளுடைய தம்பி டைபாய்டில் கிடந்தபோது பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டியவள் அவள்தான். கிண்ணத்தில் பாதி இருக்கும்போதே அவன் போய்விட்டான்.

அப்பா சிரித்தார். "ஏம்மா, அப்ப நான் நாப்பது வருஷமா சாவக் கெடக்கறேனா?"

"அப்பிடியில்ல மாமா. வாசன வந்தாலே வயித்தப் பொரட்டுது."

அம்மா இறந்தபின் அப்பாவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: காலையில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். அதற்காக நான் ஒரு வழி செய்துபார்த்தேன். என் மனைவிக்குக் கொய்யாப்பழ ஜாம் பிடிக்கும், கடற்கரை பிடிக்கும். ஆறு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஜாம் தடவிய ஒரு துண்டு கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் காக்கைக்குப் போட்டாள். ஏழாவது ஞாயிறு, "ஜாமும் வாணாங்க" என்றாள். அதிலும் நோயாளி வாசனை வருகிறதாம். கடற்கரைக்கும் வரவில்லை. ரொட்டி தேறவில்லை, மற்ற இரண்டும் கெட்டதுதான் மிச்சம்.

பிறகு மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயதானதும், அப்பா மடியில் வைத்துப் பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டினார். "குடுங்க மாமா, அவளாவது தின்னட்டும்" என்றாள் என் மனைவி. மனதாரத்தான் சொன்னாள். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவள் சிரிக்கத்தான் முயன்றாள். உதடு சிரித்தது; மூக்கு சுருங்கியது.

நான்காம் நாள் ரொட்டியைக் கண்டதுமே குழந்தை வீறிட்டது. மனைவியைக் கொல்லைப்பக்கம் போகச் சொன்னேன். போனாள். அப்போதும் அழுகை நிற்கவில்லை.

"நான் ஒண்ணுமே சொல்லலியேங்க" என்றாள் கண் கலங்கி.

அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். யாரைக் கோபிப்பது?

மறுநாள் அப்பா சைக்கிள்காரரிடம் ஒன்று போதும் என்றார். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். உள்ளே தாயும் மகளும் இட்லி சாப்பிடும் சத்தம் கேட்டது.

"ஒனக்கும் வாணாம்னா சொல்லிடுப்பா" என்றார்.

"எனக்குப் பிடிக்கும்பா" என்றேன். மூன்று துண்டில் இரண்டுதான் இறங்கியது.